அச்சாரம் கொடுத்த வண்டி

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமென்று ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று பிரசங்கம் செய்பவன், தானே கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்க நேர்ந்தால் அவன் மனம் என்ன பாடுபடும்? சென்ற ஆண்டு எனக்கு அந்த அனுபவம் நேர்ந்தது. விலை பேசி, அச்சாரமும் கொடுத்துவிட்ட ஒரு பழைய வண்டியை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன். ஊரில் சிலர் அதை விவேகம் என்றார்கள். வேறு சிலரோ, 'சாமியாரே சொன்ன சொல் மாறலாமா?' என்று கேட்டார்கள். இரு சாராருக்கும் கோவிலிலேயே பதில் சொல்லிவிட்டேன். ஆயினும் பழைய வண்டி வாங்குவதும் விற்பதும் கம்பம் பள்ளத்தாக்கில் அன்றாடக் காரியமாகிவிட்டபடியால், நடந்ததை இவ்விதழின் வாசகர்களுக்கும் ஒளிவுமறைவின்றிச் சொல்வது பயனுடையதென்று கருதுகிறேன்.

எங்கள் பங்கு மேற்கு மலையின் அடிவாரத்தில் உள்ளது. தாய்க் கோவிலோடு ஐந்து கிளைக் கிராமங்கள். இத்தனைக்கும் என்னிடம் இருந்தது ஓர் இருசக்கர வண்டி. ஐப்பசி மழை கொட்டிய ஓர் இரவில், கடைசிக் கிராமத்திலிருந்து அவஸ்தை கேட்டு ஆள் வந்தது. திருத்தைலத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஓடை பெருகிச் சாலையை மறித்திருந்தது. சுற்றுவழியில் நனைந்து போய்ச் சேர்ந்தபோது அந்த மூதாட்டியின் கண்களை மூடிவிட்டிருந்தார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அவருடைய மகள் மட்டும், "அம்மா உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு சாமி" என்றாள். அந்த வார்த்தை என்னை விட்டு அகலவில்லை.

அடுத்த மாதமே பங்குப் பேரவை கூடி, ஒரு பழைய நான்கு சக்கர வண்டி வாங்குவதென்று தீர்மானித்தது. பணம் சேர்ந்த விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியமர்ந்து கம்பம்மெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய், இருட்டிய பின் இறங்கி வரும் பெண்கள் ஒரு நாள் கூலியைத் தந்தார்கள். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர்கள் தந்தார்கள். ஆக மொத்தம் 3,20,000 ரூபாய்.

அந்தத் தொகைக்குள்ளேயே ஒரு வண்டி அகப்பட்டது. ஒன்பது ஆண்டு ஓடியது. கேரளப் பதிவெண் கொண்டது. குமுளிக்கு அப்பாலிருந்து வந்த வண்டிகள் நம் பகுதியில் ஏராளம் என்பதால் அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. தரகர் ஓட்டிக் காட்டினார். எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. விற்பவர் நடுத்தர வயது விவசாயி, சாந்தமான மனிதர். மகனுடைய கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கிறேன் என்றார். மழைக்கால இரவு என் கண்முன் நின்றது. எதையும் படித்துப் பாராமல் 25,000 ரூபாயை அச்சாரமாகக் கொடுத்து, "வண்டி எங்களுக்குத்தான்" என்று வாக்கும் கொடுத்தேன். என் முதல் பிழை இதுவே. மற்றவர்களுடைய பிழைகளைச் சொல்லுமுன் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்துத் தரகர், தட்டச்சு செய்த உடன்படிக்கையை முத்திரைத்தாளில் கொண்டுவந்து, "ஒரு கையெழுத்துப் போடுங்க சாமி" என்று பேனாவை நீட்டினார். இரவு படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். செபமாலை முடிந்தபின் பதிவுச் சான்றையும் உடன்படிக்கையையும் அருகருகே வைத்துப் படித்தேன்.

சேசிஸ் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. வாங்குபவர் என்ற இடத்தில், பங்கின் சொத்தை வைத்திருக்கும் சங்கத்தின் பெயருக்குப் பதிலாக என் சொந்தப் பெயரும் என் தந்தையின் பெயரும் இருந்தன. அதன்படி பார்த்தால், நான் மாற்றலாகிப் போகும்போது வண்டியும் என்னோடு வரும். நான் இறந்தால் என் உடன்பிறந்தாருக்குப் போகும். வண்டியை ஒப்படைக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்னிருந்தே விபத்து, வழக்கு எல்லாவற்றுக்கும் வாங்குபவரே பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. 'எவ்வித வில்லங்கமும் இல்லை' என்று இன்னொரு வரி சொல்லிற்று. பதிவுச் சான்றிலோ ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் அடமானம் பதிவாகியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவுச் சான்றில் உரிமையாளராகக் குறிக்கப்பட்டவர் நமக்கு விற்கும் விவசாயி அல்லர். இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த வேறொருவர்.

மறுநாள் தரகரைக் கேட்டேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் சும்மா பேப்பரு சாமி. அவரு கையெழுத்துப் போட்ட ஃபாரம் நம்மகிட்ட இருக்கு. எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க" என்று சொல்லி, 29ஆம் எண், 30ஆம் எண் படிவங்களை எடுத்துக் காட்டினார். அடியில் பழைய உரிமையாளரின் கையொப்பம் இருந்தது. வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதவேண்டிய இடங்கள் வெறுமையாக இருந்தன.

இவ்வாறு வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கி வண்டியைக் கைமாற்றும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அதன் ஆபத்தைப் பலர் அறிவதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலப் பதிவெண் என்றால் அந்த மாநிலத்துப் பதிவு அதிகாரியின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். இங்கே புதிதாகப் பதிந்து, நம் மாநில வரியையும் கட்ட வேண்டும். அந்த வரியை யார் கட்டுவது என்று எங்கள் உடன்படிக்கை வாய்திறக்கவில்லை.

பெயர் மாறாமலே வண்டி ஓடினால் என்ன ஆகும்? இக்கேள்வி 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் தீர்ப்பாயிற்று. ஒரு கார் ஒருவரிடமிருந்து ஒருவருக்கெனப் பலமுறை விற்கப்பட்டு, பெயர் மாற்றப்படாமல் ஓடி, விபத்துக்குள்ளாயிற்று. 'நான் விற்று வெகுகாலம் ஆயிற்று' என்றார் முதல் உரிமையாளர். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்த்தது. பாதிக்கப்பட்ட ஏழை, வண்டி கைமாறிய வழியெல்லாம் தேடி அலையக்கூடாது என்பது அதன் நியாயம். ஆகவே வெற்றுப் படிவம் வாங்குபவரைவிட விற்பவருக்கே பெரிய கண்ணி. அவர் தம் வீட்டில் நிம்மதியாக உறங்கும்போது, அவர் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு வண்டி எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது.

எனினும் என் மனச்சாட்சி அத்துடன் அமைதியடையவில்லை. தமக்கே நட்டம் வந்தாலும் இட்ட ஆணையை மாற்றாதவரே ஆண்டவருடைய கூடாரத்தில் தங்குவார் என்று 15ஆம் திருப்பாடல் போதிக்கிறது. தட்டச்சுப் பிழையைச் சாக்காக வைத்து வாக்கு மாறுவது நேர்மையா? குருமடத்தில் ஒழுக்க இறையியல் படித்தபோது, உடன்படிக்கையில் நேரும் பிழைகளை இரண்டாகப் பிரித்துக் கற்பித்தார்கள். பொருளின் சாரத்தைத் தொடும் பிழை ஒன்று, புறக்கூறுகளைத் தொடும் பிழை மற்றொன்று. முன்னது உடன்படிக்கையையே சாய்த்துவிடும். பின்னது திருத்தத்தக்கது. நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இவ்வாறே செல்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, இருவரும் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்றால்தான் அது சம்மதம். பொய்யான கூற்றை நம்பிச் சம்மதித்தவர் ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம். ஆனால் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், வேண்டுமென்றே சொன்ன பொய்யைத் தவிர மற்றவற்றில், அச்சலுகை இல்லை. இந்தக் கடைசி விதி என் முகத்தில் அறைந்தது. பதிவுச் சான்றை அச்சாரத்துக்கு முன்பே கேட்டு வாங்கிப் பார்த்திருக்கலாம் அல்லவா?

அதே வேளையில், 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் விற்பவர்மேலும் கடமையைச் சுமத்துகிறது. விற்க உரிமையுள்ளவராக இருக்க வேண்டும், சொல்லாமல் மறைத்த கடன்பாரம் பொருளின்மேல் இருக்கக்கூடாது என்பவை எழுதாவிட்டாலும் எழுதியதாகவே கொள்ளப்படும். பங்கின் பணத்தைக் கையாளும் குருவுக்கோ இன்னுமொரு கட்டு உண்டு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருச்சபைச் சொத்தை நிர்வகிப்பவர் நல்ல குடும்பத் தலைவனுக்குரிய கவனத்தோடு, நாட்டுச் சட்டப்படி செல்லத்தக்க முறையில் அதன் உரிமையைக் காக்கவேண்டும் என்கிறது (1284). ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை நாட்டுச் சட்டத்தையே தன் சட்டமாகவும் ஏற்கிறது (1290). என் சொந்தப் பணமாயிருந்தால் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு வாக்கைக் காப்பாற்றலாம். ஏலத்தோட்டத்துக் கூலியைப் பணயம் வைத்து என் வாக்கைக் காப்பாற்ற எனக்கு என்ன உரிமை?

ஆகவே நிதிக்குழுவோடு கலந்து, நேராக வேண்டாமென்று சொல்லாமல், பிழைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி விற்பவரிடம் கொடுத்தேன். "எண்களையும் பெயரையும் இப்போதே திருத்திக்கொள்வோம். அடமானத்தை நீக்குவதற்கும் உரிமையாளரை நேரில் அழைத்து வருவதற்கும் ஒரு மாதம் காத்திருக்கிறேன். எல்லாம் சரியானால் பேசிய விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்" என்றேன். அவரும் சம்மதித்தார்.

இருபது நாள் சென்றபின் தரகர் மட்டும் வந்தார். இடுக்கிக்குப் போய் விசாரித்ததில், பதிவேட்டில் உள்ள உரிமையாளர் இறந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டதாம். அதற்கும் தரகரிடம் வழி இருந்தது. "ஃபாரத்துல தேதி போடலையே சாமி. அவரு உயிரோட இருந்த காலத்துத் தேதியாப் போட்டுக்கிட்டாப் போச்சு. யாருக்குத் தெரியப்போகுது?"

இறந்தவர் கையொப்பத்தின் மேலே நாம் ஒரு தேதியை எழுதுவதா? அவர் கல்லறையில் இருக்கும்போது, என் பெயருக்கு விற்றதாக அவர் வாயால் பொய் சொல்ல வைப்பதா? உரிமையாளர் இறந்தால், வாரிசுகள் இறப்புச் சான்றோடு 31ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, வண்டியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகே விற்க முடியும். அதுவரை இருந்த என் சஞ்சலம் அந்தக் கணத்தில் தீர்ந்தது. பிழை வேறு, பொய் வேறு. பிழைக்காகக் காத்திருக்கலாம், பொய்க்குக் கையொப்பமிட முடியாது.

அன்று மாலையே விற்பவர் வீட்டுக்குப் போனேன். தரகர் மூலமாகச் சொல்லியனுப்ப மனம் வரவில்லை. வாக்குக் கொடுத்தவன் நேரில் போய்த்தான் திரும்பப் பெறவேண்டும். அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நானும் இப்படித்தான் சாமி வாங்குனேன். எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். அவரை மோசக்காரர் என்று இன்றும் நான் எண்ணவில்லை. பள்ளத்தில் விழுந்தவர், அதே பள்ளத்தின் ஓரத்துக்கு என்னை அழைத்துச் சென்றார், அவ்வளவே. அச்சாரத்தில் 15,000 ரூபாயைக் கல்லூரிக்குக் கட்டிவிட்டிருந்தார். மிச்சம் 10,000 ரூபாயை உள்ளேயிருந்து எடுத்து வந்து கொடுத்தார். அவர் மனைவி கதவோரத்தில் நின்று என்னைப் பார்த்த பார்வையில் வருத்தம் இருந்தது. கோபமும் இருந்ததென்றே நினைக்கிறேன்.

அந்த 15,000 ரூபாயைத் தள்ளிவிடலாமே என்று பேரவையில் ஒருவர் சொன்னார். பிறர் பணத்தில் தாராளம் காட்டுவது எளிது. அது என் பணமல்ல, தள்ளிவிட எனக்கு அதிகாரமுமில்லை. படிக்காமல் அச்சாரம் கொடுத்தவன் நான். ஆதலால் அத்தொகையை என் கையிலிருந்து பங்குக் கணக்கில் கட்டி, ஞாயிறு திருப்பலி முடிவில் கணக்கை வாசித்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பரிகாரம் இல்லாத மனஸ்தாபம் முழுமையாகாது என்று பிள்ளைகளுக்கு நாம்தானே கற்பிக்கிறோம்?

அந்நாட்களில் புனித அல்போன்ஸ் லிகோரியாரை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கும் ஒழுக்க இறையியலாருக்கும் 1950இல் பாதுகாவலராக அறிவிக்கப்பட்ட அவர், முதலில் நேப்பிள்ஸ் நகரத்து வழக்கறிஞர். 1723இல் ஒரு பெரிய சொத்து வழக்கில், ஆவணத்திலிருந்த ஒரு விவரத்தைக் கவனியாமல் வாதாடித் தோற்றார். அந்த அவமானத்தோடு நீதிமன்றத்தைத் துறந்தவர், 1726இல் குருவானார். கூர்ந்த மதியுடையவரே ஓர் ஆவணத்தில் தவறினார் என்றால், மழை இரவை நினைத்துக்கொண்டு கண்ணை மூடியவன் எம்மாத்திரம்!

எழுத்துக்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். ஆபிரகாம் தம் மனைவியை அடக்கம் செய்ய நிலம் வாங்கியபோது, இலவசமாகத் தருகிறேன் என்று எப்ரோன் சொல்லியும், ஊரார் முன்னிலையில் 400 வெள்ளிக்காசை நிறுத்துக் கொடுத்தே வாங்கினார். எரேமியா அனத்தோத்தில் நிலம் வாங்கியபோது, சாட்சிகளின் கையொப்பத்தோடு முத்திரையிட்ட பத்திரம் ஒன்றும் திறந்த பத்திரம் ஒன்றும் எழுதி, நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். கொடுப்பதையும் வாங்குவதையும் எழுதி வைப்பதற்கு வெட்கப்படாதே என்பது சீராக்கின் ஞானம் 42ஆம் அதிகாரத்தின் போதனை.

நம் பள்ளத்தாக்கே ஓர் எழுத்தின் பயனாகத்தான் பசுமையாக இருக்கிறது. 1886 அக்டோபர் 29ஆம் நாள், திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாணத்தின் சார்பில் ஆங்கில அரசும் செய்துகொண்ட பெரியாற்றுக் குத்தகை ஒப்பந்தம் 8,000 ஏக்கருக்கு, 999 ஆண்டுகளுக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் என்று எழுதப்பட்டது. அதன்மேல் எழுந்த அணை 1895இல் முடிந்து, கிழக்கே தண்ணீர் வந்தது. 1970 மே 29இல் துணை ஒப்பந்தம் எழுதி, வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கையொப்பமிட்டவர்கள் மறைந்தார்கள், அரசுகளே மாறின. ஆயினும் அந்தக் குத்தகை செல்லும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒரு தாளின் நீரைக் குடித்து வாழும் நாம், மற்றொரு தாளைப் படிக்காமல் கையொப்பமிடலாமா?

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கும் தலைவியருக்கும் என் பணிவான வேண்டுகோள் இது. அச்சாரம் கொடுக்குமுன் பதிவுச் சான்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். விற்பவரும் அதில் உள்ளவரும் ஒருவரேயா என்று பாருங்கள். சான்றிலுள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். அடமானம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கு நிதி நிறுவனத்தின் சான்றும் அது கையொப்பமிட்ட 35ஆம் எண் படிவமும் கேளுங்கள். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தும் பல விவரங்களைச் சரிபார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகள் கைபேசியிலேயே பார்த்துச் சொல்வார்கள். வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவராயின், வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். பெயர் மாறிய சான்றைக் கண்ணால் காணும்வரை அந்த வண்டி உங்களுடையதே. உடன்படிக்கையில் பிழை கண்டால் உடனே எடுத்துச் சொல்லித் திருத்த வாய்ப்புக் கொடுங்கள். திருத்த மறுத்தாலோ, பொய்யால் திருத்த முயன்றாலோ, விலகி வருவதற்கு அஞ்சாதீர்கள்.

அதன்பின் ஒரு நாள் அந்த விவசாயியோடு நானும் குமுளி தாண்டிப் போய், இறந்தவரின் மனைவியைச் சந்தித்தோம். அந்த அம்மா ஒரு வார்த்தையும் தடை சொல்லாமல் உதவ முன்வந்தார். அலுவலகங்களில் காரியம் மெல்ல நடந்துகொண்டிருக்கிறது. அடமானக் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டதாம். நீக்குவதற்குத்தான் யாரும் விண்ணப்பிக்கவில்லை. விவசாயி சிறுகச் சிறுக இதுவரை 9,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். காரியம் முடிந்தபின் வண்டியை எங்களுக்கே தருவதாகச் சொல்கிறார். இம்முறை படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றேன். இருவரும் சிரித்தோம்.

பங்குக்கு இன்னும் வண்டி வாங்கவில்லை. மழை இரவில் அழைத்தால் வருவதாகக் கிளைக் கிராமத்து ஆட்டோக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். சென்ற கார்த்திகையில் நள்ளிரவில் அவஸ்தை கேட்டு ஆள் வந்தபோது, சொன்னபடியே வந்து நின்றார். எந்தத் தாளிலும் எழுதாத வாக்கு அது. அவருடைய ஆட்டோவில் போய், இம்முறை உரிய நேரத்தில் சேர்ந்தேன். ஆண்டவருக்குத் தோத்திரம்.